ராபின்ஸின் மரக்கட்டையும் கடலூர்ச் சாலைகளும்

(சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் காவல் நிலையங்களில் பதிவாகும் சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் ஒரு தொடரைப் பெரும்பாலும் பார்க்கலாம்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’. கடலூர் முதுநகரில் எழுதினாலும் காட்டுமன்னார்கோயிலில் எழுதினாலும் அதே சொற்கள், அதே வரிசை. அதிவேகம் என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் எழுதியவரிடம் விடை இருக்காது. சொன்ன சாட்சியிடமும் இருக்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சத்தம் கேட்டுத்தான் திரும்பியிருப்பார். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

உச்ச நீதிமன்றம் 1998-ல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு லாரி கவிழ்ந்து உயிர்கள் போயின. வண்டி ‘அதிக வேகத்தில்’ வந்தது என்றார்கள் சாட்சிகள். அதிக வேகம் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் சொல், எது அதிகம் என்பதை அரசுத் தரப்புதான் விளக்கிக் காட்டவேண்டும், வேகம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அசட்டையை ஊகித்துவிட முடியாது என்று சொல்லி, ஓட்டுநரின் விடுதலையை உறுதிசெய்தது நீதிமன்றம். சட்டப்படி அது சரியான தீர்ப்பு. இயற்பியல் ஆசிரியனாக எனக்கு அதில் ஓர் ஆதங்கம் உண்டு. அந்த வேகத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லாததுபோல் எல்லாத் தரப்பும் நடந்துகொள்கிறதே என்பதுதான் அது.

வழி உண்டு. மோதிய வண்டிகளும் அவை போய் நின்ற இடமும் வேகத்தைச் சொல்லும். அதைக் கேட்டு வாங்கும் முறைக்கு உந்த அழிவின்மை விதி என்று பெயர். பத்தாம் வகுப்பில் நாம் எல்லாரும் படித்தது, பரீட்சை முடிந்ததும் மறந்தது.

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் உந்தம். இரண்டு பொருள்கள் மோதும்போது வெளியிலிருந்து வேறு விசை தலையிடாவிட்டால், மோதலுக்கு முன் இருந்த மொத்த உந்தமும் பின் இருக்கும் மொத்த உந்தமும் ஒன்றே. உடனே ஒரு மாணவர் கேட்பார்: சாலையும் டயரும் உரசுகின்றனவே, அது வெளிவிசை இல்லையா? நல்ல கேள்வி. வண்டிகள் மோதும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். காய்ந்த தார்ச்சாலையில் சக்கரங்கள் முழுக்கப் பூட்டிக்கொண்டு இழுபட்டால்கூட அந்த நேரத்துக்குள் உராய்வு குறைக்கும் வேகம் மணிக்கு சுமார் 2.5 கிலோமீட்டர். மோதலோ 40, 50 கிலோமீட்டர் வேகத்தை மாற்றிப்போடுகிறது. ஆகவே அந்த நொடிக்கூறில் உராய்வை மறந்துவிடலாம். விதி இங்கே செல்லுபடியாவது இதனால்தான்.

திசை என்ற சொல்லை இங்கே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் டெக்கார்ட் வேகத்தின் அளவை மட்டும் கணக்கில் எடுத்து, திசையை விட்டுவிட்டார். அவருடைய மோதல் விதிகள் பெரும்பாலும் தவறிப்போயின. 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் தனித்தனியே எழுதி அனுப்பி அதைச் சரிசெய்தார்கள். ‘ரெண்டு வண்டியும் பயங்கர ஸ்பீடு சார்’ என்று சொல்லும் நம் சாட்சி இன்னும் டெக்கார்ட் கட்சியில்தான் இருக்கிறார்.

இந்த விதியைத் தாளிலிருந்து எடுத்து ஒரு கருவியாக்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தை அளந்து காட்டிய மனிதர் பெஞ்சமின் ராபின்ஸ். நான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு அவரே காரணம். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த அவர், இறந்தது நம் கடலூரில்.

அவர் காலத்தில் துப்பாக்கிக் குண்டு என்ன வேகத்தில் போகிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வினாடியில் நூற்றுக்கணக்கான அடி பாயும் ஒன்றைத் துரத்திப் பிடித்து அளக்கும் கடிகாரம் கிடையாது. ராபின்ஸ் குண்டைத் துரத்தவில்லை. 56 பவுண்டு அளவு கனமுள்ள ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் பொருத்திய மரக்கட்டையில் குண்டைச் சுட்டார். குண்டின் கனம் ஒரு பவுண்டில் 12-ல் ஒரு பங்கு. குண்டு கட்டைக்குள் புதைந்து நின்றது. கட்டை மெல்ல ஆடியது. ஊசலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டியிருந்தார். கட்டை பின்னால் போகும்போது நாடா இழுபட்டு வரும். எத்தனை அங்குல நாடா இழுபட்டதோ அதுவே ஊசல் ஆடிய அகலம். அந்த அகலத்திலிருந்து கட்டையின் வேகம், கட்டையின் வேகத்திலிருந்து உந்தம், உந்தத்திலிருந்து குண்டின் வேகம்.

ஊசல் சுழலும் அச்சு, குண்டு பட்ட உயரம் ஆகிய நுணுக்கங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை அவர் விடவில்லை. சாரத்தை மட்டும் பாருங்கள். குண்டைப்போல் ஊசல் ஏறக்குறைய 675 மடங்கு கனம். கட்டை வினாடிக்கு இரண்டரை அடி நகர்ந்தால் குண்டு வந்த வேகம் வினாடிக்கு 1,680 அடிக்கு மேல். கையால் தொட்டு நிறுத்தக்கூடிய ஒரு மெதுவான ஆட்டத்தை நாடாவால் அளந்து, கண் தொடர முடியாத வேகத்தை அவர் எழுதிவைத்தார். 1742-ல் வந்த ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ என்ற அவருடைய சிறு நூலை மூன்றாண்டுகளில் கணித மேதை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமான விளக்கவுரையும் எழுதினார். ராயல் சொசைட்டி 1746-ல் ராபின்ஸுக்கு காப்ளி பதக்கம் தந்தது.

அதே 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் ஊர் திரும்பக் கிடைத்தாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் 1752 வரை கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையாகவே இருந்தது. இடிந்தும் பழுதுபட்டும் கிடந்த கோட்டைகளைச் செப்பனிடக் கம்பெனி ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750-ல் வந்து சேர்ந்தார். ஓராண்டு முடிந்தும் முடியாமல், 1751 ஜூலை 29 அன்று, காய்ச்சலில் செயின்ட் டேவிட் கோட்டையிலேயே இறந்தார். வயது 44. அவர் செப்பனிட வந்த கோட்டையை 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார். இன்று தேவனாம்பட்டினத்தில் கோட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் கிளைவ் பெயர் வரும், லாலி பெயர் வரும். ராபின்ஸ் பெயரை ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. மாவட்டத்தின் இயற்பியல் ஆசிரியர்களாவது சொல்லலாம்.

அவருடைய சோதனையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குண்டு கட்டையில் புதைந்தபோது அதன் இயக்க ஆற்றல் எங்கே போனது? கூட்டாக நகர்ந்த பொருளிடம் மிஞ்சியது 675-ல் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் மரத்தைப் பிளப்பதிலும் சூடேற்றுவதிலும் கரைந்தது. மோதலின் ஊடே ஆற்றல் அழியவில்லை என்று நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால் குண்டின் வேகம் வினாடிக்கு வெறும் 65 அடி என்று விடை வந்திருக்கும். கல்லெறியும் சிறுவனே அதைவிட வேகமாக எறிவான். சாலை விபத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மோதும் கணத்துக்கு உந்தம், மோதிய பின் வண்டிகள் இழுபட்டு நிற்கும் தூரத்துக்கு ஆற்றலும் உராய்வும். இரண்டையும் இடம் மாற்றிப் பிடித்தால் விடை தலைகீழாகும்.

இப்போது ஒரு கணக்கு. இது நான் அமைத்துக்கொண்டது, நடந்த விபத்து அல்ல. சிதம்பரத்திலிருந்து வடக்கே கடலூர் நோக்கி ஒரு மினி லாரி போகிறது, சரக்கோடு 2,400 கிலோ. மேற்கேயிருந்து கிளைச்சாலையில் ஒரு கார் வந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறது, ஆட்களோடு 1,200 கிலோ. இரண்டும் செங்குத்தாக மோதி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, வடகிழக்காக இழுபட்டு நிற்கின்றன. இழுபட்ட தூரம் 10.5 மீட்டர். இழுபட்ட திசை, கிழக்கிலிருந்து வடக்காக 60 டிகிரி. சாலை காய்ந்திருக்கிறது, உராய்வுக் குணகம் 0.7 என்று கொள்வோம்.

கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். 10.5 மீட்டர் உரசி நின்ற கூட்டு வண்டி, மோதல் முடிந்த கணத்தில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கிளம்பியிருக்கவேண்டும். கூட்டு நிறை 3,600 கிலோ, ஆகவே உந்தம் 43,200 அலகு. இதைக் கிழக்கு, வடக்கு என்று இரண்டு கூறாகப் பிரித்தால், கிழக்குக் கூறு முழுக்கக் கார் கொண்டுவந்தது, வடக்குக் கூறு முழுக்க மினி லாரி கொண்டுவந்தது. வகுத்தால் கார் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர், மினி லாரி 56. நெடுஞ்சாலையில் போன வண்டியைவிடக் கிளைச்சாலையிலிருந்து வந்தது வேகமாக வந்திருக்கிறது. மோதலில் இரும்பு நசுங்கியதற்குச் செலவான ஆற்றல், மொத்தத்தில் ஏறக்குறைய பாதி.

இவ்வளவு எளிதா என்றால், கணக்கு எளிது, அளவுகள் எளிதல்ல. கோணத்தை 60 டிகிரிக்குப் பதில் 65 என்று குறித்திருந்தால் கார் 55-க்கு இறங்கிவிடும், மினி லாரி 59-க்கு ஏறிவிடும். யார் அதிக வேகம் என்பதே புரண்டுவிட்டது. ஐந்து டிகிரி என்பது, மாதிரி வரைபடம் வரையும் காவலர் பேனாவைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கும் அளவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை நனைந்து உராய்வு 0.4 ஆக இருந்திருந்தால் கார் 49, மினி லாரி 42. நம் பக்கத்துச் சாலைகளில் மழை மட்டுமா? அறுவடைக் காலத்தில் உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார்ச்சாலையில் பரப்பிவைக்கிறோம். அந்தச் சருகுமேல் டயருக்கு என்ன பிடிப்பு இருக்கும் என்று எந்த நூலின் அட்டவணையும் சொல்லாது. அதே இடத்தில் அதே நாளில் ஒரு வண்டியை ஓட்டிப் பிரேக் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எடையைப் பற்றிச் சொன்னால் வியப்பாக இருக்கும். மினி லாரியில் சொன்னதைவிட 600 கிலோ அதிகச் சரக்கு இருந்தது என்று வையுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் அப்படியே. இப்போது கணக்கைத் திரும்பப் போட்டால் மினி லாரியின் வேகம் 56-லிருந்து 52-க்குக் குறைகிறது; காரின் வேகமோ 65-லிருந்து 76-க்கு ஏறுகிறது! லாரிச் சரக்கை எடைபோடாத பிழை காரின் வேகக் கணக்கில் வந்து விழுகிறது. ஏனென்றால் அதிகக் கனமான கூட்டை அதே அளவு கிழக்கே தள்ளிப்போகக் கார் அவ்வளவு வேகமாக வந்திருக்கவேண்டும். அதாவது சரக்கைக் குறைத்துச் சொல்லும் தரப்பு கார்க்காரரின் வேகத்தை மறைத்துக் காட்டும், தன் லாரியின் வேகத்தைக் கூட்டிக் காட்டும். தனக்கே பாதகமாக ஒரு பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நெல்லிக்குப்பத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களை நினைத்துப் பாருங்கள். ஆலையில் எடை மேடை இருக்கிறது. வெட்டுக் கூலிக்கும் கரும்புப் பணத்துக்கும் எடை போடுகிறோம். விபத்தில் சிக்கிய டிரெய்லரை அப்புறப்படுத்தும் முன் எடை போடுவது நம் வழக்கத்தில் இல்லை.

விபத்து நடந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். காயம்பட்டவர்களை 108-ல் ஏற்றுவது முதல் வேலை, அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. அடுத்த வேலையாகப் போக்குவரத்துக்கு வழிவிட வண்டிகளை ஜேசிபி வைத்துத் தள்ளிவிடுகிறோம். கண்ணாடித் தூளைக் கூட்டி ஓரத்தில் ஒதுக்குகிறோம். பார்வை மகசர் எழுதப்படும்போது வண்டிகள் நின்ற இடம் நினைவில்தான் இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் பிறகு காவல் நிலைய வாசலில் வண்டியைப் பார்க்கிறார். பிரேக் வேலை செய்கிறதா, ஸ்டீயரிங் சரியா என்று சோதித்து, இயந்திரக் கோளாறால் விபத்து நிகழவில்லை என்று சான்று தருகிறார். வண்டியில் கோளாறு இருந்ததா என்ற கேள்விக்கு அது விடை. வண்டி என்ன வேகத்தில் வந்தது என்று அவரை யாரும் கேட்பதில்லை, ஆகவே அவர் சொல்வதுமில்லை.

தள்ளுவதற்கு முன் ஒரு சாக்பீஸ் போதும். நான்கு சக்கரமும் நின்ற இடத்தைத் தாரில் குறித்துவிட்டு வண்டியை எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். டயர் தேய்ந்த தடம், தார் கீறப்பட்ட இடம், எண்ணெய் சிந்திய இடம், இவற்றை நிலையான ஒரு பொருளிலிருந்து, மைல்கல்லோ மின்கம்பமோ, டேப் வைத்து அளந்தால் கோணமும் தூரமும் வந்துவிடும். போக்குவரத்து பத்து நிமிடம் நிற்கும். இப்போதைய வண்டிகளில் ஏபிஎஸ் இருப்பதால் பழையபடி கறுத்த பிரேக் தடம் விழுவதில்லை, கீறல்களைத்தான் தேடவேண்டும். சாலைப் பள்ளத்தில் நேற்றே விழுந்த கீறலை இன்றைய விபத்தின் கணக்கில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நேருக்கு நேர் மோதலுக்கு வருவோம். 2023 ஜூன் 19 அன்று பண்ருட்டி அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதி உயிர்கள் போனதும் பலர் காயமுற்றதும் உங்கள் நினைவில் இருக்கும். ஒரு பேருந்தின் முன்டயர் வெடித்துக் கட்டுப்பாடு போனது என்று அப்போது சொன்னார்கள். அந்த விபத்தின் கணக்கை நான் போடவில்லை, போடுவதற்கான அளவுகளும் என்னிடம் இல்லை. பொதுவாக இரண்டு பேருந்துகள் மோதினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டும் 60-ல் வந்து மோதினால் 120-ல் சுவரில் மோதியதற்குச் சமம் என்று பலர் நம்புகிறார்கள். பத்திரிகைகளிலும் படித்திருப்பீர்கள். அது சரியல்ல. ஒரே நிறை, ஒரே வேகம் என்றால் மொத்த உந்தம் சுழியம். இரண்டும் மோதிய இடத்திலேயே நின்றுவிடும். ஒவ்வொன்றின் வேகமும் 60-லிருந்து சுழியத்துக்கு வருகிறது, கெட்டிச் சுவரில் 60-ல் மோதினால் வருவதுபோலவே. ஆனால் நிறை சமமாக இல்லாவிட்டால் கதை மாறும். கூட்டம் நிறைந்த பேருந்து 14 டன், காலியாக வருவது 11 டன் என்று கொள்ளுங்கள். இரண்டும் 60. மோதி ஒட்டிக்கொண்டால், கூட்டுப் பொருள் கனமான பேருந்தின் திசையில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கூட்டம் நிறைந்த பேருந்தின் வேக மாற்றம் 53. காலிப் பேருந்தின் வேக மாற்றம் 67. காலிப் பேருந்தில் வசதியாக உட்கார்ந்து போனவருக்குத்தான் அடி பலம். மனித உடலைத் தாக்குவது வண்டியின் வேகமல்ல, அந்தக் கணத்தில் நேரும் வேக மாற்றம். விபத்து ஆய்வாளர்கள் தேடும் முக்கியமான எண் இது.

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் வழித்தடங்களில் தனியார் பேருந்துகள் டைமிங்குக்காக எப்படி ஓடுகின்றன என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இப்போது இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி கட்டாயமாகியிருக்கிறது. அது வேகத்தையும் பதிவுசெய்கிறது. அப்படியானால் உந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கருவி சில வினாடிகளுக்கு ஒருமுறை பதிவிடும். மோதலுக்கு முந்தைய கடைசிப் பதிவுக்குப் பின் ஓட்டுநர் பிரேக் மிதித்தாரா, விலகினாரா என்பதை அது தவறவிடலாம். கடைவாசல் கேமராவின் படமும் அப்படித்தான். உந்தக் கணக்கு, கருவி சொல்வதை ஒத்துப்பார்க்கும் இரண்டாவது குரல். இரண்டும் ஒன்றுபட்டால் வழக்கு உறுதி. முரண்பட்டால் யாரோ எதையோ தவறாக அளந்திருக்கிறார்கள்.

ஆனால் விதியின் வல்லமையைப் பற்றி இவ்வளவு பேசியவன், அது கைவிடும் இடத்தையும் சொல்லியாகவேண்டும். அது கைவிடும் இடத்தில்தான் நம் மக்கள் அதிகம் சாகிறார்கள்: இரு சக்கர வாகனமும் லாரியும் மோதும் இடத்தில்.

20 டன் லாரி 40-ல் வருகிறது. எதிரே ஆளோடு 220 கிலோ பைக். பைக் 60-ல் வந்து மோதினால் லாரியின் வேகம் மணிக்கு 1.1 கிலோமீட்டர் குறையும். 30-ல் வந்து மோதினால் 0.8 குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் மணிக்கு 0.3 கிலோமீட்டர். லாரி நின்ற இடத்தை எந்த டேப் வைத்து அளந்தாலும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. பைக் மெதுவாக வந்ததா, பறந்து வந்ததா என்பதை லாரி உணரவே இல்லை.

ராபின்ஸின் குண்டும் கட்டையும் 1-க்கு 675 என்ற விகிதம்தானே, அங்கே மட்டும் எப்படி வேலை செய்தது என்று கேட்பவர் கூர்மையான மாணவர். விடை இதுதான்: அவருடைய கட்டை அசையாமல் நின்றது, காற்றில் சுதந்திரமாகத் தொங்கியது. அதற்குச் சொந்த உந்தம் கிடையாது. ஆகவே அது பெற்றது அத்தனையும் குண்டு தந்தது. லாரியோ தன் சொந்த உந்தத்தோடு வருகிறது, டயர்கள் தரையைப் பிடித்திருக்கின்றன, ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்திருக்கிறார். அந்தப் பேரிரைச்சலில் பைக்கின் உந்தம் காணாமல்போகிறது.

அதனால் இத்தகைய விபத்துகளில் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். தூக்கி எறியப்பட்ட மனிதரோ பைக்கோ எவ்வளவு தூரத்தில் விழுந்து உருண்டு நின்றது என்பதிலிருந்து வேகத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கணிக்கும் வாய்பாட்டைப் பிரிட்டனின் சீர்ல் 1983-ல் வெளியிட்டார். அதற்கும் விழுந்த இடத்தின் குறி வேண்டும்.

ஒரு வழக்கத்தையும் இங்கே தொட்டுவிடுகிறேன். மோதலில் எது பெரிய வண்டியோ அதன்மேல்தான் தப்பு என்பது நம் ஊர்ச் சாலை நியாயம். உந்த விதி இதற்கு ஆதரவாகவும் பேசாது, எதிராகவும் பேசாது. சிறிய வண்டியில் இருப்பவருக்கு அடி அதிகம் என்பது இயற்பியல். தவறு யாருடையது என்பது வேறு. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் பொறுப்பை 75-க்கு 25, 50-க்கு 50 என்று பிரிக்கும்போது, நான் மேலே போட்டதுபோன்ற 65, 56 என்ற எண்களை அப்படியே விகிதமாக்கிவிடக் கூடாது. வேகம் ஒரு சான்று. யாருக்கு முன்னுரிமை, யார் விளக்கைப் போடவில்லை, வளைவில் யார் முந்தினார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

2022 ஏப்ரல் முதல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, காவல் துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும் என்று ஆகியிருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கத்தில் பங்கெடுத்த ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தைச் சோதனையாகத் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. செல்போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து ஏற்றிவிடலாம். கட்டமைப்பு வந்துவிட்டது. படத்தில் ஓர் அளவுகோல் கிடக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அளவுகோல் இல்லாத படத்திலிருந்து 10.5 மீட்டரைப் படிக்க முடியாது.

கடைசியாக, கடலூரில் இருப்பவர்கள் பேசத் தயங்கும் ஒன்று. 2025 ஜூலை 8 காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், விழுப்புரம் மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் ஒரு பள்ளி வேன்மீது மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் திறந்திருந்தது என்றது ஒரு தரப்பு. மூடும்போது வேன் ஓட்டுநர் வழிவிடச் சொன்னார் என்றது இன்னொரு தரப்பு.

இங்கே உந்தக் கணக்கு என்ன சொல்லும்? எண்ணுக்காக 400 டன் ரயில் 60-ல் வருகிறது, 4 டன் வேன் குறுக்கே நிற்கிறது என்று கொள்வோம். மோதிய பின் இரண்டும் 59.4-ல் போகும். ரயில் இழந்தது மணிக்கு 0.6 கிலோமீட்டர். கடைசிப் பெட்டியில் இருப்பவர் மோதலை உணர்ந்திருக்கமாட்டார். வேனும் அதில் இருந்தவர்களும் ஒரு நொடிக்கூறில் சுழியத்திலிருந்து 59.4-க்குத் தூக்கப்படுகிறார்கள். ரயிலின் வேகத்தை வேன் போய் விழுந்த இடம் சொல்லிவிடும். வேன் தண்டவாளத்தில் ஏறும்போது ஓடிக்கொண்டிருந்ததா, தயங்கி நின்றதா, கேட் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்ற எதையும் சொல்லாது. விசாரணையில் எல்லாரும் கேட்ட கேள்விகள் அவைதான், அவற்றுக்கு விதி வாய் திறக்காது. மோதல் நடந்த பிறகு ஆராய்ந்து பயனில்லாத வகை விபத்து இது. ரயில் ஓட்டுநர் வேனைப் பார்த்தாலும் நிற்கச் சில நூறு மீட்டர் வேண்டும்.

செம்மங்குப்பம் கேட் அப்போது இன்டர்லாக் செய்யப்படாத கேட்டாக இருந்தது. இன்டர்லாக் இருந்தால் கேட் மூடிப் பூட்டப்படாதவரை ரயிலுக்குப் பச்சை சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் நிலைய அதிகாரியும் கேட் கீப்பரும் தொலைபேசியில் பேசி, பிரைவேட் நம்பர் மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு. ஒரு கேட்டுக்கு இன்டர்லாக் வேண்டுமா என்று முடிவுசெய்யும் அளவுகோலுக்கு ரயில் வாகன அலகு என்று பெயர். ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். இந்த எண் 20,000-ஐத் தொடும் கேட்டுகளுக்கே இன்டர்லாக் என்று இருந்ததை, அந்த விபத்து நடந்த சில நாள்களில் ரயில்வே 10,000 ஆகக் குறைத்தது. எல்லாக் கேட்டுகளிலும் கேமரா பொருத்தவும் உத்தரவிட்டது.

குறைத்தது நல்லது. ஆனாலும் இந்தப் பெருக்கலை இன்னொருமுறை பாருங்கள். நிறை அதில் இல்லை, வேகம் அதில் இல்லை. எத்தனை முறை குறுக்கிடுகிறார்கள் என்பதை அது எண்ணுகிறது, குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணுவதில்லை. ஆட்டோவுக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் அரை அலகு. பள்ளி வேனுக்கு ஓர் அலகு, மாட்டு வண்டிக்கும் ஓர் அலகு. வேனுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று குறிக்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.